மஞ்சள் சதுரம் இல்லாத கடிதம்

கப்பலிலிருந்து
2-9-2024

சங்கவி அக்காவுக்கு,

ஐந்து மாதமாக வாயைத் திறக்காதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். நல்ல சேதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். வெள்ளிமலையில் நான் பஸ் ஏறும்போது நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நல்ல சேதி இருந்தா எழுது. கெட்ட சேதிய இந்த மலைக்கு அனுப்பாத. அப்பா செத்த சேதியும் நான்தான் வாங்கனேன், அம்மா செத்த சேதியும் நான்தான் வாங்கனேன். மூணாவது எனக்கு வாணாம்." மாமாகூட, "இன்னா சங்கவி, கெளம்புற புள்ளகிட்ட இப்டி பேசறே" என்றார். நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய்.

நான் நன்றாக இருக்கிறேன். இதுதான் சேதி.

கப்பல் இப்போது ஓடவில்லை. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு எழுபது நாள் ஆகிறது. எங்கள் முதலாளிமேல் யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள், அது முடிகிற வரை கப்பலும் நகரக்கூடாது, நாங்களும் கரையில் இறங்கக்கூடாது. ஏழு பேர் இருக்கிறோம். டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம், அதனால் எங்கள் போன்களெல்லாம் செத்துக் கிடக்கின்றன. தண்ணீர் கொண்டுவரும் படகில் கடலூர்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார், வீரமணி அண்ணன். அவர் போனிலிருந்து இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஈச்சங்காட்டில் என்றைக்கு டவர் கிடைத்தது, இன்றைக்குக் கிடைக்க? கடிதம் கொடுத்தால் தபாலில் போடுகிறேன் என்றார். நீயும் கீழே இருக்கும் விலாசத்துக்கு எழுது. துறைமுகத்து டீக்கடை அது. அங்கிருந்து வாங்கி வந்து தருவார்.

மேலே மூலையில் ஒரு மஞ்சள் சதுரம் வரைந்திருக்கிறேன், பார்த்தாயா? குழம்புக் கறை இல்லை. சமையல்காரர் பூமாலை அண்ணனிடம் மஞ்சள்தூள் வாங்கி, தண்ணீரில் குழைத்து விரலால் போட்டேன். கப்பலில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் முழு மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றும். 'என் கப்பலில் எல்லாரும் நலம், உள்ளே வர அனுமதி கேட்கிறேன்' என்று அர்த்தம். இனி ஒவ்வொரு கடிதத்திலும் இதைப் போடுவேன். எழுத்தைப் படிக்காவிட்டாலும் இதைப் பார்த்துவிட்டுக் காய்கறி நறுக்கப் போகலாம்.

தம்பி
ராஜதுரை


ஈச்சங்காடு
21-9-2024

துரைக்கு,

எழுபது நாளாக ஒரே இடத்தில் நிற்கிற கப்பலில் இருப்பது நல்ல சேதி என்று உனக்கு யார் சொன்னது? பஸ் பத்து நிமிடம் நின்றாலே இறங்கிப்போய் டிரைவரிடம் சண்டை போடுகிறவன் நீ.

உன் கடிதத்தை ரேஷன் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் தபால்காரர். கடைக்காரப் பெருமாயி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒன் தம்பி வெளிநாட்டுலருந்து எழுதிக்கிறான்" என்று நீட்டினாள். பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்து மிஷின்மேல் வைத்துவிட்டு இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்தேன். அப்புறம்தான் பிரித்தேன். மஞ்சள் எழுத்துமேல் ஓடியிருக்கிறது. பூமாலை அண்ணன் தண்ணீரைக் கொஞ்சம் கம்மியாக விடட்டும்.

நான் அன்றைக்குச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருக்கிறாய். வனக்காவலர் வேலைக்கு விண்ணப்பம் வாங்க நான் கள்ளக்குறிச்சிக்கு எத்தனை முறை இறங்கி ஏறினேன் என்பது மட்டும் உனக்கு நினைவில்லை. ஆர்டர் கைக்கு வந்த வாரத்தில், கடலையே பார்க்காத பயல் கப்பலுக்குப் போகிறேன் என்று நிற்கிறாய். கோபம் வராமல் குளிருமா? சரி, அதை இப்போது பேசவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக எழுது. போன் இல்லை, கரைக்கு இறங்க முடியாது, தண்ணீர்ப் படகு எப்போதாவது வருகிறது. நடுவில் ஒருத்தருக்கு நெஞ்சு வலித்தால் யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? கொடிக்குப் பேச்சு உண்டு என்கிறாயே, அதற்கு ஒரு கொடி இருக்கிறதா? எந்த நிறம், எத்தனை துண்டு, எது மேலே எது கீழே? நான் தையல்காரி. துணி வைத்துச் சொன்னால் புரியும்.

மாமாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சாமை நன்றாக வந்திருக்கிறது. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதவே இல்லை.

சங்கவி


கப்பலிலிருந்து
9-10-2024

அக்கா,

மஞ்சள் சதுரம் முதலில். நீ சொன்னபடி தண்ணீர் கம்மி.

அரிசியும் பருப்பும் இருக்கிறது. ஓரத்தில் நின்று தூண்டில் போட்டால் மீன் கிடைக்கிறது. மலைக்காரனுக்கு மீன் முள் எடுக்கத் தெரியவில்லை என்று பூமாலை அண்ணன் சிரிக்கிறார்.

கேட்டதற்குப் பதில். ரேடியோ ஒன்று இருக்கிறது, பேட்டரி பலவீனமாகிவிட்டது. முன்னெல்லாம் ரேடியோவே இல்லாத காலத்தில் கப்பல்கள் கொடியால்தான் பேசின. அந்தக் கொடிகள் எல்லாக் கப்பலிலும் இன்னும் உண்டு, எங்கள் கப்பலிலும் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் அர்த்தம் ஒன்றுதான். கேப்டன் வயதானவர், ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் காயப்போட்டு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வேலை இல்லாத கப்பலில் பொழுது போக வேண்டுமே.

உனக்குத் தெரிய வேண்டியது மூன்று. முதலாவது: சுற்றி நீலக் கரை, உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்புச் சதுரம். பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி மாதிரி இருக்கும். 'மருத்துவர் வேண்டும்.' இரண்டாவது, இரண்டு கொடி சேர்ந்தது. மேலே நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, மாமாவின் பழைய கைலி போல. கீழே படுக்கை வாட்டில் ஐந்து பட்டை, நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலம். இரண்டும் ஒரே கயிற்றில் இந்த வரிசையில் ஏறினால், 'ஆபத்தில் இருக்கிறோம், உடனே வாருங்கள்'. ஓர் உயிர் போகிற நிலைமை வந்தால்தான் இதை ஏற்றுவேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அதனால் அந்தக் கொடியைப் பற்றி நீ கவலைப்படாதே. அது இங்கே ஏறாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, நுனி குறுகிப்போகும் நீளக் கொடி. இதைப் பதில் சொல்கிறவன் ஏற்ற வேண்டும். உன் கொடியைப் பார்த்துவிட்டேன், ஆனால் இன்னும் அர்த்தம் புரியவில்லை என்றால் பாதிக் கம்பம் வரை. புரிந்ததும் உச்சி வரை. பார்த்தது வேறு, புரிந்தது வேறு என்று இவர்கள் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் பார்.

இன்னொரு சட்டம். வாயால் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், கொடியில் மட்டும் பொய் சொல்லக்கூடாது. ஒருவன் பொய்யாக ஏற்றினால் அடுத்தவன் உண்மையாக ஏற்றும்போது எவனும் வரமாட்டான். கேப்டன் இதை தினமும் சொல்கிறார்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ராஜதுரை


ஈச்சங்காடு
27-10-2024

துரைக்கு,

உன் மருத்துவர் கொடியையும் ஆபத்துக் கொடியையும் தைத்துவிட்டேன். லைனிங் துணி மிச்சம் கிடந்தது. கட்டம் போட்டதுக்குப் பதினாறு துண்டு வெட்டி ஒட்டுப்போட வேண்டியிருந்தது, கழுத்து ஒடிந்துவிட்டது. மாமா பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிக்கு இது? சின்னம் இன்னும் குடுக்கலியா?" என்கிறார். மேலே கட்டம், கீழே பட்டை. மேலே கட்டம், கீழே பட்டை. காஜா எடுக்கும்போதெல்லாம் வாய் தானாகச் சொல்கிறது.

அது இங்கே ஏறாது என்று நீ எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது. ஏறாது என்றால் ஏன் அத்தனை விவரமாக எழுதினாய்? நான் கேட்டதால் எழுதினாய், தெரியும். கேட்டதும் நான்தான், பயப்படுவதும் நான்தான். என்ன பிறவியோ.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. ஊரே என் வாசலில் துணியோடு நிற்கிறது. உனக்கும் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். தோள் அளவு பழையதுதான் போட்டேன், நீ இளைத்திருந்தால் தொளதொள என்று நிற்கும். இளைத்திருக்கிறாயா?

வீரமணி அண்ணனிடம் என் நம்பர் இருக்கிறது அல்லவா? கரையிலிருந்து உன் கப்பல் தெரியும் என்றால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். சனிக்கிழமை நூல் வாங்க வெள்ளிமலைக்குப் போவேன், அங்கே டவர் கிடைக்கும். நீ நிற்பது தெரியாவிட்டால் போகிறது. நீ நிற்கிற இடமாவது தெரியட்டும்.

சங்கவி


கப்பலிலிருந்து
10-11-2024

அக்கா,

நலம். எல்லாரும் நலம். தீபாவளிக்குப் பூமாலை அண்ணன் சர்க்கரைப் பாகில் ஏதோ செய்தார், நன்றாக இருந்தது. சட்டையைப் பத்திரமாக வை.

வேலை ஜாஸ்தி, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் கப்பல் ஆடுகிறது என்று வைத்துக்கொள். வீரமணி அண்ணனிடம் போட்டோ பற்றிச் சொல்லிவிட்டேன்.

கவலைப்படாதே.

ராஜதுரை

பின்குறிப்பு: சமையலறையில் மஞ்சள்தூள் தீர்ந்துவிட்டது. அதனால்தான் சதுரம் போடவில்லை. வேறு காரணம் இல்லை.


ஈச்சங்காடு
23-11-2024

துரை,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றைக்கே பதில் போடுகிறேன். மாமா கச்சிராயபாளையம் இறங்குகிறார், அங்கே ஸ்பீடு போஸ்ட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வேலை ஜாஸ்தி என்கிறாய். நிற்கிற கப்பலில் அப்படி என்ன வேலை? போன கடிதத்தில் பொழுது போகவில்லை என்றாய். கப்பல் ஆடுகிறது என்கிறாய். அது ஆடாமல் என்றைக்கு இருந்தது? முதல் இரண்டு கடிதத்திலும் எழுத்து வரப்பு கட்டின மாதிரிதானே இருந்தது?

வேறு காரணம் இல்லை என்று நான் கேட்காமலே எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் பலாச்சுளை திருடித் தின்றுவிட்டு, "நான் பின்பக்கம் போவவே இல்லக்கா" என்று நீயாக வந்து சொல்வாய். அதே பிள்ளைதான் இன்னும்.

இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். நம் கொல்லை மஞ்சள், நானே இடித்துச் சலித்தது. நான்கு மடிப்புக் காகிதத்தில் வைத்து ஓரம் தைத்திருக்கிறேன், கொட்டாது. இப்போது மஞ்சள் இருக்கிறது. சதுரம் போட்டு அனுப்பு. எழுத நேரம் இல்லையென்றால் எழுதாதே. வெறும் காகிதத்தில் சதுரம் மட்டும் போட்டு அனுப்பு, போதும்.

அனுப்புவாய் அல்லவா?

சங்கவி


கள்ளக்குறிச்சி
17-12-2024

துரை,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மூன்று வாரமாகச் சதுரம் வரவில்லை. சனிக்கிழமை வெள்ளிமலைக்கு வந்தேன். டவர் கிடைத்ததும் போன் குலுங்கியது. வீரமணி அண்ணன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கடல், நிறையக் கப்பல், எல்லாவற்றிலும் வண்ணக்கொடி. கீழே எழுதியிருந்தார்: 'இந்த நாட்டுத் தேசிய நாள். எல்லாக் கப்பலும் அலங்காரம். கடைசியில் நிற்கிறது உங்கள் தம்பி கப்பல், ஜோராக இருக்கிறது.' நூல்கடை மணிமொழி எட்டிப் பார்த்து, "தேரு கணக்கா கீதுக்கா" என்றாள். நானும் ஒரு நிமிடம் சிரித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

அப்புறம் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற கப்பலில் எல்லாம் முன்னாலிருந்து பின்வரை தோரணம் மாதிரி நாற்பது ஐம்பது கொடி. உன் கப்பலில் மூன்றே மூன்று. ஒரு கயிற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி. இன்னொரு கயிற்றில் மேலே கட்டம், கீழே பட்டை.

பதினாறு துண்டு ஒட்டுப்போட்ட கை இது. எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் எனக்குத் தெரியாதா? கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீரமணி அண்ணனைக் கூப்பிட்டேன். கொடி விவரம் சொன்னேன். "நான் அலங்காரம்னு நெனச்சிட்டேம்மா" என்றார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் இரும்புக் கயிறு அறுந்து உன் வலது பாதத்தில் அடித்தது. புண் சீழ் வைத்துக் காய்ச்சல். மாத்திரை தீர்ந்தது. டிசம்பர் ஐந்தாம் தேதி தண்ணீர் கொண்டு போனபோது உன்னைப் படுத்தபடி பார்த்திருக்கிறார். கரைக்குத் திரும்பிக் கப்பலின் ஏஜெண்டிடம் சொன்னாராம். டாக்டரை அனுப்பியாயிற்று என்று அவன் சொன்னதை நம்பியிருந்திருக்கிறார். "என்கிட்ட ஏங்க சொல்லல?" என்று கத்தினேன். "ஒங்க தம்பி சத்தியம் வாங்கிட்டாரும்மா. எங்க அக்காவுக்கு நல்ல சேதி மட்டும்தான் போவணும்னாரு."

நான் சொன்ன சொல், துரை. ஒரு கோபத்தில் பஸ் ஸ்டாண்டில் சொன்னது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு புண்ணை மூடி வைத்தாயா? உன்னை அறையவேண்டும் போல இருக்கிறது. என்னையும்தான்.

வீரமணி அண்ணன் துறைமுக அலுவலகத்துக்கு ஓடினார். ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தால்தான் படகு போகும் என்று திருப்பிவிட்டார்களாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்காது. ஞாயிறு முழுக்கப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா சோற்றைத் தட்டில் போட்டு வைத்தார், அது அப்படியே காய்ந்தது.

நேற்று திங்கள், மனு நாள். முதல் பஸ்ஸில் இறங்கி கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வாசலில் மனு எழுதித் தருகிற சின்னராசு என்பவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இத்த பாத்தா திருவிழா மாரி கீதும்மா. ஆபத்துன்னு எப்டி எழுதறது?" என்றார். நான் பையிலிருந்து தைத்த கொடிகளை எடுத்து அவர் மேசைமேல் விரித்தேன். உன் அக்டோபர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், அதிகாரி. என் முறை வந்ததும் கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் போராட்டம் பண்ண வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். போலீஸ்காரர்கூட இரண்டடி முன்னால் வந்தார். அந்த அம்மா அவரை நிற்கச் சொல்லிவிட்டு, "இன்னாம்மா இது, நிதானமா சொல்லு" என்றார்கள். சொன்னேன். உன் கடிதத்தை முழுக்கப் படித்தார்கள். 'அது இங்கே ஏறாது' என்கிற வரியில் நிறுத்தி, போட்டோவைப் பார்த்தார்கள். உடனே போனை எடுத்தார்கள். சென்னைக்கு, அப்புறம் டெல்லிக்கு, அப்புறம் அந்த ஊரில் இருக்கிற நம் தூதரகத்துக்கு. கப்பல்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம், அதற்கும். போட்டோ, உன் கடிதம், நான் தைத்த கொடி எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினார்கள்.

இன்று செவ்வாய். மலைக்கு ஏறவில்லை. ஏறினால் டவர் போய்விடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாமாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறோம். போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். யாரும் கூப்பிடவில்லை. சார்ஜ் நூறு இருக்கிறது, ஆனாலும் வயரைப் பிடுங்கப் பயமாக இருக்கிறது.

துரை, இரு. வேறு ஒன்றும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இரு.

அக்கா


மருத்துவமனையிலிருந்து
28-12-2024

அக்கா,

போனில் பேசின மூன்று நிமிடத்திலும் நீ அழுதாய், நானும் அழுதேன், சேதி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் டிசம்பர் கடிதத்தை வீரமணி அண்ணன் நேற்று இங்கே கொண்டுவந்து கொடுத்தார்.

கெட்ட சேதியை முதலில் எழுதுகிறேன். வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். சீழ் ரத்தத்தில் கலந்திருந்ததாம். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் கால், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நான் என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. இனி கப்பலில் ஏற முடியுமா தெரியவில்லை. மலை ஏற முடியுமா என்பதும் தெரியவில்லை. கவலைப்படாதே என்று இந்த முறை எழுத மாட்டேன். கவலைப்படு அக்கா. எனக்கு யாராவது கவலைப்பட்டால் நன்றாக இருக்கும்.

மருத்துவர் வேண்டும் என்கிற கொடியை நவம்பர் கடைசியிலேயே கேப்டன் ஏற்றிவிட்டார். ரேடியோ அதற்கு முன்பே நின்றுபோனது. பக்கத்தில் நின்ற கப்பல்களில் ஒருவரும் பதில் கொடி ஏற்றவில்லை, பாதிக்கம்பம்கூட இல்லை. இப்போது யார் கொடியைப் பார்க்கிறார்கள்? எனக்கு நினைவு தப்ப ஆரம்பித்ததும், தேசிய நாளன்று எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள், பெரிய மனிதர்கள் படகில் சுற்றுவார்கள், அன்றைக்கு ஆபத்துக் கொடியை ஏற்றுவோம் என்று கேப்டன் முடிவு பண்ணினார். வேறு எந்த நாளில் ஏற்றியிருந்தாலும் யாராவது ஒருவராவது இது என்ன என்று கேட்டிருப்பார்கள். அன்று எல்லாக் கப்பலும் அதே கொடிகளைத் தோரணம் கட்டியிருந்தது. என்னைத் தூக்கிவந்து மேல்தளத்தில் படுக்க வைத்திருந்தார்கள். படகுகள் பக்கத்தில் வந்தன. நம் ஆட்கள் கை அசைத்துக் கத்தினார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே கை அசைத்துவிட்டுப் போனார்கள். கேப்டன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாளைப் பார்த்துத் தவறு செய்தேன்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்தொன்பதாம் தேதி காலையில் துறைமுகப் படகு வந்தது. தூதரகத்து ஆள் ஒருவரும் டாக்டரும் ஏறினார்கள். தூதரகத்துக்காரர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, இது யார் தைத்தது தெரியுமா என்று கேட்டார். மங்கலாகத்தான் தெரிந்தது. லைனிங் துணி. கட்டத்தில் ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் வெளுத்த நீலம். நீ துணி பற்றாமல் ஒட்டுப்போட்டது என்று உடனே தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் பொட்டலம் டிசம்பர் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. பூமாலை அண்ணன் பிரித்துக் குழைத்து என் விரலைப் பிடித்தார். "போடு, ஒங்க அக்கா நிம்மதியா இருப்பாங்க" என்றார். என்னால் போட முடியவில்லை. கடிதத்தில் உன்னிடம் எத்தனையோ பொய் எழுதிவிட்டேன், தண்ணீர்ப் படகுக்காரரிடம் சத்தியம்கூட வாங்கினேன். சதுரம் மட்டும் கை வரவில்லை.

இந்தக் கடிதத்திலும் சதுரம் இல்லை. மீதி மஞ்சள் என் சட்டைப் பையில் இருக்கிறது. மற்ற ஆறு பேரையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், ஊருக்கு அனுப்பக் காகிதம் தயாராகிறது. காயம் ஆறி, நலம் என்று உண்மையாகச் சொல்ல முடிகிற அன்றைக்குச் சதுரம் போட்டு அனுப்புகிறேன். அப்புறம்தான் உன் வாசலுக்கு வருவேன். அதுவரை கள்ளக்குறிச்சியில் எங்காவது தங்கிக்கொள்கிறேன். கோபமாகத்தான் வழியனுப்பினாய். விரல் போன காலோடு வந்து நின்று உனக்கு மூன்றாவது கெட்ட சேதியாக இருக்க எனக்கு மனசு இல்லை.

ராஜதுரை


ஈச்சங்காடு
9-1-2025

துரை,

கெட்ட சேதி வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய்ப் பலாமரத்தடியில் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார்.

உன் முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் இன்றைக்கு மிஷின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். எழுத்து கோணலானதைப் பார்த்தேன், மஞ்சள் தீர்ந்ததைப் பார்த்தேன். ஆனால் யார் பேச்சுக்குப் பயந்து நீ மறைத்தாய் என்பது மட்டும் எனக்கு வெள்ளிமலைக் கடைவாசலில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. மூன்று மாதம் பாதிக்கம்பத்திலேயே நின்றிருக்கிறேன்.

சிவப்பும் வெள்ளையும் வைத்து அந்த நீளக் கொடியையும் தைத்தேன். பெரிய மூங்கிலாகப் பார்த்து மாமா வெட்டிக் கொடுத்தார். கூரைக்கு மேலே உச்சியில் கட்டியாயிற்று. ஊரில் இது என்ன என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "என் தம்பி சொன்னது புரிஞ்சிச்சின்னு கட்டிக்கிறேன்" என்று சொல்கிறேன். பெருமாயிக்கு அது புரியவில்லை, போகட்டும்.

இப்போது நீ கேள். விரல் இரண்டு போனால் செருப்பு தைத்துக்கொள்ளலாம். காட்டுப்பாதையில் நடக்க முடியாவிட்டால் டோலி கட்டித் தூக்கி வர ஈச்சங்காட்டில் ஆள் இருக்கிறது, இதற்கு முன் எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறோம். காய்ச்சல் இருந்தால் காய்ச்சலோடு வா. கள்ளக்குறிச்சியில் எவன் வீட்டிலாவது தங்குகிறேன் என்று இன்னொரு முறை எழுதினால் நானே இறங்கி வந்து இழுத்துக்கொண்டு வருவேன். பஸ் ஸ்டாண்டில் நான் சொன்ன பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன், நீயும் அங்கேயே விட்டுவிடு.

அந்த மஞ்சளைப் பையிலேயே வைத்திரு, வந்து குழம்பில் போடலாம். நலம் என்று சொல்லித்தான் உள்ளே வர வேண்டும் என்பது கப்பலுக்கு.

நீ சதுரம் இல்லாமலே வா.

அக்கா